ரயிலில் போய் பனிச்சறுக்கு, அன்றைக்கே ரிட்டர்ன்... ஜப்பானில் முடிகிறது, காஷ்மீரில் முடியுமா? ரீல்ஸ் எடுக்கக் கிளம்பும் முன் படிங்க!

டோக்கியோவில் காலை டிபனை முடித்துவிட்டு புல்லட் ரயில் ஏறுகிறார்கள். பத்து மணிக்கெல்லாம் பனிமலை. நாள் முழுக்கச் சறுக்கிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு மறுபடியும் டோக்கியோ. ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவில் எடுத்த அந்த வீடியோக்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருப்பவர்கள் ஃபோனுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம்ம ஊர் மே மாத வெயிலில் உட்கார்ந்து பார்த்தால் பெருமூச்சு வரத்தான் செய்யும்.

ஆனால் 2025 ஜூன் 6-ம் தேதிக்குப் பிறகு, "இது இந்தியாவில் முடியாதா?" என்ற கேள்விக்கு ஒரு அர்த்தம் வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் கத்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலை பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கிலோமீட்டரில் குல்மார்க். இந்தியாவில் பனிச்சறுக்கு என்றாலே முதலில் சொல்லப்படும் இடம் அதுதான். அப்போ கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை ரயில் ரெடி, பனிமலையும் ரெடி. ஒரு நாளில் போய்ட்டு வந்துடலாமா?

சுருக்கமான பதில்: ஸ்ரீநகரில் தங்கினால் முடியும். கத்ராவில் இருந்து முடியாது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு நாளில் நீங்கள் எவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள் என்பதை ரயில் முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும் கேமராதான் முடிவு செய்கிறது. ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜப்பானில் எப்படி சாத்தியம்?

டோக்கியோவில் இருந்து ஜோயெட்சு ஷிங்கான்சென் பாதையில் சுமார் 200 கி.மீ. தூரத்தில், நீகாட்டா மாகாணத்தில் இருக்கிறது காலா யுசாவா. ஏறக்குறைய நமக்கு சென்னை - ஜோலார்பேட்டை தூரம். நேரம் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். 1990 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த ஸ்டேஷனின் விசேஷமே வேறு. ஸ்டேஷனும் பனிச்சறுக்கு மையமும் ஒரே கட்டடம். டிக்கெட் கேட்டைத் தாண்டினால் ஸ்கீ பலகை, பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும் கவுன்டர். அதைத் தாண்டினால் மலைக்கு ஏற்றிச் செல்லும் கேபிள் கார். கையை வீசிக்கொண்டு போய் இறங்கலாம். பனிக்காலம் முடிந்தால் ஸ்டேஷனையே மூடிவிடுவார்கள்.

இது தற்செயலாக அமைந்தது இல்லை. அந்த பனிச்சறுக்கு மையம் ரயில்வே கம்பெனியான ஜேஆர் ஈஸ்ட் குழுமத்தின் சொந்தம். பனி எங்கே கொட்டுகிறதோ அங்கே தண்டவாளத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். (இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஒரு கொசுறு: நோபல் பரிசு பெற்ற யசுநாரி கவாபாத்தாவின் 'பனி நாடு' நாவலின் களமும் இதே யுசாவாதான். அந்தக் கதை தொடங்குவதே ஒரு ரயில் சுரங்கத்தைத் தாண்டி வெளியே வரும் இடத்தில்.)

ஜப்பானுக்கே போகிற திட்டம் இருப்பவர்களுக்கு: ஜப்பான் துணைத் தூதரகம் தேனாம்பேட்டை செனடாஃப் சாலை பக்கம்தான் இருக்கிறது. ஆனால் சுற்றுலா விசா விண்ணப்பங்கள் விஎஃப்எஸ் மையம் வழியாகத்தான் போகும். மூன்று நாள் செல்லுபடியாகும் 'டோக்கியோ வைட் பாஸ்' ரயில் சீட்டில் காலா யுசாவாவும் அடக்கம். இவ்வளவு போதும். நாம் காஷ்மீருக்கு வருவோம்.

காஷ்மீர் ரயில் எது வரை போகும்?

உதம்பூர் - ஸ்ரீநகர் - பாரமுல்லா ரயில் பாதையின் மொத்த நீளம் 272 கி.மீ. பாரமுல்லா பக்கத்தில் ஏற்கெனவே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 11 கி.மீ. நீளமுள்ள பீர் பஞ்சால் சுரங்கம் 2013-லேயே திறக்கப்பட்டுவிட்டது. நடுவில் விடுபட்ட துண்டு ரியாசி பக்கத்து மலைகள்தான். செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில், 1,315 மீட்டர் நீளத்தில் பாலம் கட்டி அந்த இடைவெளியை இணைத்தார்கள்.

ஜன்னல் சீட் பிடித்து மூன்று மணி நேரமும் வீடியோ எடுக்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். கத்ராவில் இருந்து பனிஹால் வரையிலான 111 கி.மீ. தூரத்தில் 97 கி.மீ. சுரங்கம். அதாவது பெரும்பகுதி கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். செனாப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிஷம் போல ஆகும். அந்த நேரத்தில் கேமராவை ஆன் செய்ய மறந்தால் அவ்வளவுதான். பனிஹாலைத் தாண்டி பீர் பஞ்சால் சுரங்கம் முடிந்து காஸிகுண்ட் பக்கம் வெளியே வருகிற காட்சிதான் உண்மையான காஷ்மீர். மேலே சொன்ன ஜப்பானிய நாவலின் தொடக்கம் எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும்.

ரயில் குல்மார்க்குக்குப் போகாது. இதுதான் ஜப்பானுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம். ஸ்ரீநகர் ஸ்டேஷன் நகரத்தின் தெற்கே நவ்காம் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மாகம், தங்மார்க் வழியாக ரோட்டில்தான் போக வேண்டும். தங்மார்க்கில் இருந்து கடைசி 13 கி.மீ. மலை ஏற்றம். பனி கொட்டிவிட்டால் டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டும்தான் மேலே விடுவார்கள். நீங்கள் வந்த காரை தங்மார்க்கிலேயே நிறுத்திவிட்டு வேறு வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். அதற்குத் தனி வாடகை. ஏறும் முன்பே பேசிவிடுவது நல்லது.

ரயில் பிரியர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பள்ளத்தாக்குக்குள் பனிஹால் - பாரமுல்லா இடையே ஓடும் உள்ளூர் ரயிலில் ஸ்ரீநகரில் ஏறி, பட்காமைத் தாண்டி மஸ்ஹோம் ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து மாகம் பக்கம்தான். மிச்சம் சுமார் 30 கி.மீ.க்கு ஷேர் சுமோ. நம்ம ஊர் பறக்கும் ரயில் மாதிரி ஆபீஸ் போகிறவர்களும் காலேஜ் பசங்களும் போகிற ரயில் இது. நேரம் மிச்சமாகாது. ஆனால் பனி மூடிய வயலுக்கு நடுவில் போகும் அந்த அரை மணி நேரம் நல்ல வீடியோவாக இருக்கும்.

கத்ராவில் இருந்து ஒரே நாளில் ஏன் முடியாது?

கணக்கு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அறிமுகப்படுத்தியபோது அறிவித்த அட்டவணைப்படி காலை 8.10-க்கு கத்ராவில் கிளம்பும் வந்தே பாரத், 11 மணியை ஒட்டி ஸ்ரீநகர் போய்ச் சேரும். அதே ரயில் மதியம் 2 மணிக்கு ஸ்ரீநகரில் இருந்து திரும்பக் கிளம்பும். கையில் இருப்பது மூன்று மணி நேரம். குல்மார்க் போவதற்கு மட்டுமே குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பூட்ஸ் மாட்டக்கூட நேரம் இருக்காது. அட்டவணை மாறலாம், ஒவ்வொரு ரயிலுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு. அதனால் ஐஆர்சிடிசியில் பார்த்துவிட்டுத்தான் பிளான் போட வேண்டும். ஆனாலும் கத்ரா டு கத்ரா ஒரே நாள் என்பது நடக்காத காரியம்.

ஸ்ரீநகரில் ரூம் போட்டுவிட்டால் கதை வேறு. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது, ஒன்பதரைக்குள் குல்மார்க். பத்து மணியில் இருந்து மூன்றரை வரை பனியில் இருக்கலாம். ஜனவரியில் அங்கே ஐந்தரையைத் தாண்டியதுமே இருட்டு கட்டிவிடும். தங்மார்க் இறக்கத்தை வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும். சாயங்காலம் ரோட்டில் உருகிய தண்ணீர் மறுபடியும் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும் என்பது அந்த ஊர் டிரைவர்களுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

சென்னையில் இருந்து எப்படிப் போவது?

முழுக்க ரயிலிலேயே போகலாம். மயிலாப்பூர்க்காரர்கள் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி பார்க் டவுனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். அங்கிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் கத்ரா வரை போகிறது. பேரைப் பார்த்து கப்பலுக்கு லிங்க் என்று நினைத்துவிட வேண்டாம், நேராக வடக்கேதான் போகும். இரண்டு இரவுகளைத் தாண்டும் பயணம். இல்லையென்றால் டெல்லி வரை ஒரு ரயில், அங்கிருந்து கத்ராவுக்கு இன்னொரு வந்தே பாரத். வடக்கே குளிர்காலத்தில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது சகஜம். அதனால் கத்ராவில் ஒரு ராத்திரி தங்குவது மாதிரி டிக்கெட் போடுங்கள். கனெக்ஷன் ரயிலை ஒரு மணி நேர இடைவெளியில் போட்டால் ரிஸ்க்.

லீவு குறைவாக இருப்பவர்கள் விமானத்தில் ஸ்ரீநகர் போய்விட்டு, திரும்பும்போது ரயிலில் கத்ரா வரலாம். பாலத்தையும் பார்த்த மாதிரி இருக்கும்.

பொங்கல் லீவுக்குப் போனால் பனி இருக்குமா?

காஷ்மீரில் டிசம்பர் 21-ம் தேதி தொடங்கி 40 நாட்களுக்கு 'சில்லாய் கலான்' என்பார்கள். நம்ம ஊர் கத்திரி வெயில் மாதிரி, அங்கே கடும் குளிரின் உச்சம். அந்தக் கணக்கில் அரையாண்டு லீவு கொஞ்சம் சீக்கிரம், பொங்கல் லீவு சரியான நேரம். ஜனவரி கடைசியில் இருந்து பிப்ரவரி வரை இன்னும் நல்லது.

ஆனால் வானம் இப்போதெல்லாம் காலண்டர் பார்ப்பதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் காய்ந்த புல்வெளியாகக் கிடந்த படங்கள் நாடு முழுக்க செய்தியானது. புக்கிங்குகள் ரத்தாகின. 2025-ல் குல்மார்க்கில் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே போதிய பனி இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. தேசிய அளவிலான போட்டிக்கே இந்தக் கதி என்றால், நான்கு மாதம் முன்னாடியே டிக்கெட் போடும் நம்ம நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். கேன்சல் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ரூமாகப் பார்த்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

முதல் நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

நிற்க. உண்மையாகவே, நிற்கத்தான். ஸ்கீ பூட்ஸ் என்பது கணுக்காலை அசைய விடாத பிளாஸ்டிக் கூடு. அதை மாட்டிக்கொண்டு நடப்பதே ஒரு வேலை. பிறகு எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழுவது. அதன்பின் பிரேக். இரண்டு பலகைகளின் முன் நுனிகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகலமாக விரித்து, கலப்பை மாதிரி பனியை உழுதுகொண்டே வேகத்தைக் குறைக்கும் முறை இது. இந்த ஒரு வித்தை கைவந்துவிட்டால் முதல் நாள் வெற்றி.

இதற்கு குல்மார்க் கிராமத்தை ஒட்டிய லேசான சரிவுகளே தாராளம். அங்கேயே உபகரணம் வாடகைக்குக் கிடைக்கும், பயிற்றுநர்களும் இருப்பார்கள். வாடகை எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பூட்ஸில் குதிகால் தூக்கக்கூடாது. விழுந்தால் பலகை காலில் இருந்து கழன்றுகொள்ளும் கொக்கி வேலை செய்கிறதா என்று போட்டுக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் எடையைக் கேட்டு அந்தக் கொக்கியை அட்ஜஸ்ட் செய்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமல் கொடுப்பவரிடம் எடுக்காதீர்கள். முழங்கால் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இந்தக் கொக்கி கழலாமல் போவதால்தான்.

சீரியஸாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு, 1968-ல் தொடங்கப்பட்ட மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கில் இருக்கிறது. நாள் கணக்கில் தங்கிப் படிக்கும் அடிப்படைப் பயிற்சிகள் உண்டு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிஃப் கான், குல்மார்க் அடிவாரத்தில் உள்ள தங்மார்க் பகுதியைச் சேர்ந்தவர். அவர் அப்பா அங்கே பனிச்சறுக்கு உபகரணக் கடை வைத்திருந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே சறுக்க ஆரம்பித்து, கடைசியில் ஜெயன்ட் ஸ்லாலம் பிரிவில் 45-வது இடம் பிடித்தார். இந்த விளையாட்டு ஒரு நாளில் வருமா என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

கோண்டோலா: முதல் கட்டம் ஓகே... இரண்டாவது கட்டம்?

ரீல்ஸில் வரும் அந்த பிரம்மாண்டமான வெள்ளை மலை கிராமத்தில் தெரியாது. மேலே போனால்தான் தெரியும். அதற்குத்தான் கேபிள் கார். முதல் கட்டம் குல்மார்க்கில் இருந்து கோங்தூரி வரை, சுமார் 3,000 மீட்டரைத் தாண்டும். இரண்டாவது கட்டம் அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை. டிக்கெட்டை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷன் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'நான் வாங்கித் தர்றேன்' என்று அங்கே அணுகுபவர்களை நம்பி காசு கொடுக்காதீர்கள்.

இப்போது ஒரு விஷயம். நாம் கடல் மட்டத்தில் வாழ்கிறவர்கள். பெசன்ட் நகரில் இழுக்கும் மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜனில், அபர்வத்தில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடைக்காது. நேற்று விமானத்தில் வந்து இன்று மேலே போனால் தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாம் வரலாம். வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு அங்கேயே உட்காரக்கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும். இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இரண்டாவது கட்டம் போகவே கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து பனிச்சரிவு. அபர்வத்தின் பெரும்பகுதி, மெஷின் வைத்து சமன்செய்த பாதை கிடையாது. இயற்கையாகக் கொட்டிக் கிடக்கும் பனி. அதைத் தேடித்தான் உலகம் முழுக்க இருந்து கைதேர்ந்தவர்கள் அங்கே வருகிறார்கள். புதுப் பனி பழைய பனி மேல் சரியாக ஒட்டாமல் கிடக்கும்போது, ஒரு ஆள் அதைக் குறுக்கே கடந்தாலே போதும், பாளம் பாளமாக மொத்தமும் சரிந்து வரும்.

2023 பிப்ரவரி 1-ம் தேதி அபர்வத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். அவர்கள் குழுவில் உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தார்கள், மற்ற பலர் மீட்கப்பட்டார்கள். ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் கழித்து 2024 பிப்ரவரி 22-ம் தேதி, கீழே கேலோ இந்தியா போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு பனிச்சரிவு. ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். அந்தக் குழு உள்ளூர் ஆட்கள் இல்லாமல் போனதாக அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். ஆக, வழிகாட்டி இல்லாமல் போவது ஆபத்து, வழிகாட்டி இருந்தாலும் ஆபத்து முழுக்கப் போய்விடாது. இரண்டு சம்பவத்திலும் போனவர்கள் பனிமலைக்குப் புதியவர்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

குல்மார்க்கில் பனிச்சரிவைக் கண்காணிக்கும் ரோந்துக் குழு இருக்கிறது. கண்காணிப்புக்கு உட்பட்ட பகுதி எது, எல்லை எங்கே முடிகிறது என்று அறிவிப்புப் பலகைகள் சொல்லும். சண்டிகரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஜிஆர்இ-யும் மாவட்ட வாரியாக பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போவதற்கு சிக்னல் கருவி, நீண்ட கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிய வேண்டும். முதல் முறை பனியில் கால் வைக்கும் ஒருவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. 'சும்மா பத்து அடி தள்ளி நின்னா ஃபிரேம் நல்லா இருக்கும்' என்பதெல்லாம் அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

கேபிள் காரும் காற்று பலமாக அடித்தால் நிறுத்தப்படும். 2017 ஜூன் 25-ம் தேதி பலத்த காற்றில் மரம் ஒன்று கேபிள் மீது விழுந்ததில் ஏழு பேர் இறந்த சம்பவத்தை அங்கே யாரும் மறக்கவில்லை. 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஓட்டுங்க சார்' என்று ஊழியர்களிடம் சண்டை போடாதீர்கள்.

சறுக்கும்போது வீடியோ எடுப்பது எப்படி?

முதல் விதி: கற்றுக்கொள்ளும் நாளில் கையில் கேமரா வேண்டாம். செல்ஃபி ஸ்டிக் சுத்தமாக வேண்டாம். விழும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், உங்கள் கண் திரையில் இல்லாமல் பாதையில் இருக்க வேண்டும். கூட வந்தவர் கீழே, பாதையின் ஓரமாக நின்று எடுத்தால் போதும். ஓரமாக என்பது முக்கியம். சர்வதேச பனிச்சறுக்கு சம்மேளனத்தின் நடத்தை விதிகள்படி, முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை, பின்னால் வருபவர்தான் ஒதுங்க வேண்டும். ஆனால் குறுகலான இடத்திலோ, மேலே இருந்து வருபவர் கண்ணில் படாத மேட்டுக்குக் கீழேயோ தேவையில்லாமல் நிற்கக்கூடாது. ரீல்ஸ் எடுப்பவர்கள் சரியாக அந்த இடங்களில்தான் நிற்பார்கள்!

ஓரளவு சறுக்கத் தெரிந்தவர்களுக்கு ஆக்ஷன் கேமராவை மார்பில் மாட்டுவது நல்லது. முழங்கால், பலகை நுனி எல்லாம் ஃபிரேமில் வருவதால் வேகம் தெரியும். ஹெல்மெட்டில் மாட்டினால் நீங்கள் பார்ப்பது அப்படியே வரும், ஆனால் தலையைத் திருப்பும்போதெல்லாம் படமும் ஆடும். அகலமான லென்ஸ் மலைச் சரிவைத் தட்டையாகக் காட்டும். உங்களுக்கு உயிர் போன இறக்கம், வீடியோவில் மெரினா மணல் மாதிரி தெரியும். 'அப்போ இன்னும் செங்குத்தான இடத்துக்குப் போகலாமா' என்று தோன்றுவது இங்கேதான். வேண்டாம். பக்கவாட்டில் மரமோ ஆளோ ஃபிரேமில் வரும்படி எடுத்தாலே சரிவு தெரிந்துவிடும்.

ஃபார்முலா 1 சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29-ம் தேதி பிரான்ஸில் மகனோடு பனிச்சறுக்கில் ஈடுபட்டிருந்தபோது, குறியிட்ட பாதைக்குச் சற்று வெளியே இருந்த பாறையில் மோதினார். அவர் ஹெல்மெட்டிலும் கேமரா இருந்தது. விசாரணையில் அந்தப் பதிவும் ஆராயப்பட்டது. அவர் அளவுக்கு மீறிய வேகத்தில் போகவில்லை என்றுதான் தெரியவந்தது. பாதையை விட்டு சில மீட்டர் விலகினாலே என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லாத பயிற்றுநர் குறைவு.

பனியைப் பார்த்ததும் கேமரா குழம்பிவிடும். எல்லாமே பளிச்சென்று இருப்பதால் வெளிச்சத்தைக் குறைத்து, வெள்ளைப் பனியை சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றி வையுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்தால் பிறகு ஸ்லோமோஷன் போடலாம்.

அடுத்த தலைவலி பேட்டரி. ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஜனவரியில் குல்மார்க் பல நாள் பகலிலேயே அதற்குக் கீழே போய்விடும். 40 சதவீதம் சார்ஜ் காட்டிய ஃபோன் பொசுக்கென்று அணைந்துபோகலாம். பேட்டரி காலியாகவில்லை, குளிரில் அதனால் வேலை செய்ய முடியவில்லை. ஃபோனையும் ஸ்பேர் பேட்டரியையும் ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்பை ஒட்டிய பாக்கெட்டில் வைத்தால் சூட்டில் பிழைத்துக்கொள்ளும்.

எதை எடுக்கக்கூடாது?

குல்மார்க் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். ராணுவ வளாகம், வாகனம், சோதனைச் சாவடி எதையும் படம் எடுக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முன் அனுமதி இல்லாமல் பறக்க விட்டால் பறிமுதலோடு முடிந்தால் அது அதிர்ஷ்டம். தண்டவாளத்தில் இறங்கி ரீல்ஸ் எடுத்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இது காஷ்மீருக்கு மட்டும் இல்லை, கோட்டூர்புரத்துக்கும் பொருந்தும்.

2025 ஏப்ரல் 22-ம் தேதி பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டு, பிறகு படிப்படியாகத் திறக்கப்பட்டன. கிளம்பும் வாரத்தில் எது திறந்திருக்கிறது என்று ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் துறை அறிவிப்பைப் பாருங்கள். சோதனைகள் கூடுதலாக இருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

கடைசி நிமிட செக்

சென்னையில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். குழுவில் ஒருவருக்காவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும், இல்லையென்றால் சுமோ டிரைவருக்கு ஃபோன் போடக்கூட வழி இருக்காது. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள் அதில் சாகச விளையாட்டு அடக்கமா என்று கேளுங்கள், பல பாலிசிகளில் கிடையாது. தி.நகரில் வாங்கிய ஸ்வெட்டர் உள்ளே போட உதவும், ஆனால் மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேண்ட்டும் வேண்டும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பனியில் ஒரு தடவை விழுந்தால் போதும், மிச்ச நாள் முழுக்க நடுக்கம்தான். ஜீன்ஸுக்குப் பதில் வாடகை பேண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்க்ரீனும் கட்டாயம். குளிர் என்பதால் வெயில் சுடாது என்று நினைக்க வேண்டாம், பனியில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம் கண்ணையும் முகத்தையும் பதம் பார்த்துவிடும்.

ஸ்ரீநகர் ரூமுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக கேமராவை வெளியே எடுத்து வீடியோ பார்க்க கை பரபரக்கும். பொறுங்கள். மலையில் இருக்கும்போதே கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிட வேண்டும். ஹீட்டர் போட்ட ரூமில் கவரைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரம் கவரின் மேல் படியும், லென்ஸுக்குள் போகாது. மெமரி கார்டை அதற்குப் பிறகு கழற்றினால் போதும்.